பென்சிலால் எழுதிய எண்கள்

மார்ச் 14, வெள்ளி. இன்றைய தவறு: குழாய்களின் எண்களைச் செவ்வாயன்று பென்சிலால் எழுதினேன், இன்றுதான் கண்ணில் பட்டது. பென்சில் என்பது கரி. கரி எரியும். இரண்டாம் பாடத்திலேயே இது வந்திருக்கிறது, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஐந்து குழாய்களும் உலையிலிருந்து எண் இல்லாமல் வெளியே வந்தன. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இதைப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிட்டு, கடைசி வரியை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள். அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள். பிறகு மனம் வராமல், மறுநாள் வேலையைக்கூட எழுதாமல் நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள். ஆய்வகப் பயிற்சிக்கான மாலை வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு விதி. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் களைத்துப்போய் வந்து உட்காரும் பன்னிரண்டு பேரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். முதல் வரியில் அன்றைக்குச் செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மற்றவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். இவளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. "தராசின் கதவை மூடாமல் எடை பார்த்துவிட்டேனோ என்று சந்தேகம்" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். "கையுறையைக் கழற்றிய பிறகு குழாயைத் தொட்டேனோ என்று சந்தேகம்" என்று மறுநாள். வகுப்பு ஆசிரியை சிவப்பு மையில் பதில் எழுதினார்: "சந்தேகம் தவறில் சேராது. தவறு இருந்தால் எழுதவும்."

இன்றைக்கு இருந்தது.

அவள் வேலை பார்த்த ஆய்வகம் பெரிய இடமொன்றும் இல்லை. ஒரு சந்தின் கடைசியில் மூன்று அறைகள். முதல் அறையில் தூளை அரைப்பார்கள், இரண்டாவதில் எடை போடுவார்கள், மூன்றாவதில் உலை. இரும்பைத் தின்றுவிடும் அமிலப் புகையிலும், உருகிய உப்பிலும், கண் கூசும் வெப்பத்திலும் கரையாமல் நிற்கக்கூடிய பீங்கானைச் செய்து பார்ப்பதுதான் அங்கே வேலை. தேநீர்க் கோப்பைப் பீங்கானுக்கு இது தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். வெள்ளைத் தூளை அச்சில் அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு பொருள் வரும், நகம் பட்டாலே கீறல் விழும். அதையே ஆயிரத்து அறுநூறு டிகிரியில் சுட்டு எடுத்தால் பல் மாதிரி இறுகிவிடும். பிறகு கண்ணாடியைக்கூட அதைக்கொண்டு கீறலாம்.

ஆய்வகத்தின் தலைவரை எல்லாரும் டாக்டர் என்றார்கள். பீங்கானில் பட்டம் வாங்கிய டாக்டர். சந்துக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. காய்ச்சல், வயிற்றுவலி என்று வந்து நிற்பார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தவர் பிறகு அலுத்துப்போய், மேசை இழுப்பறையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். உலையைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தார், உலைக்காரர். மூன்றாவது ஆள் இவள். எதையும் மூன்று தடவை எடை போட்டுவிட்டுத்தான் எழுதுவாள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயர் தராசு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

சுடுவதற்கு முன்னால் குழாய்களில் எண் எழுதக் கோபால்ட் நீல மை வைத்திருந்தார்கள். எந்தச் சூட்டுக்கும் அது அழியாது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் புட்டியில் மை காய்ந்து கட்டியாகக் கிடந்தது. புதிதாகக் கலக்கக் கால் மணி நேரம் ஆகும். உலைக்காரர் வாசலில் நின்று, "தராசு, கதவைச் சாத்தப் போறேன், கொண்டா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒன்று முதல் ஐந்து வரை எழுதிவிட்டாள். அவள் வாழ்நாளில் அவசரமாகச் செய்த காரியங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்றாகப் போயிற்று.

எண்கள் போனால் என்ன, குழாய்தானே என்று விட்டுவிட முடியாது. முதல் நான்கும் நன்றாக அரைத்த தூளில் செய்தவை. ஐந்தாவது வேண்டுமென்றே சரியாக அரைக்காத தூளில் செய்தது. நல்லதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மட்டமானது வேண்டும் என்பதற்காகச் செய்தது. வெளியே பார்த்தால் ஐந்தும் ஒரே வெள்ளை. முழங்கை நீளம், பெருவிரலைவிடக் கொஞ்சம் பருமன், ஒரு முனை மூடி, ஒரு முனை திறந்து. சுடுவதற்கு முன் எடை குறித்து வைத்திருந்தாள்தான். ஆனால் எடை போட்ட பிறகு வாயைச் சமமாக்க எல்லாவற்றையும் தேய்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கு இப்போது உதவாது.

வெள்ளிக்கிழமை மாலை உலை ஆறியதும் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆகா, பல்லு மாதிரி வந்திருக்கே! ஒன்னையும் ரெண்டையும் துணியில சுத்திப் பெட்டியில வெச்சுடும்மா. திங்கட்கிழமை காலைல வண்டி வரும். மூணாம் நம்பரைத் தண்ணியில வழக்கம்போல வேகவெச்சுப் பாரு."

"சரி சார்" என்றாள். குழாய்களின் வாய்ப்பக்கம் டாக்டரின் கண்ணில் படாதபடி ஒரு துணியைப் போட்டு மூடினாள். அவர் விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த இரண்டு குழாய்களும் போகவிருந்த இடம் அவளுடைய அம்மா வேலை பார்க்கும் பட்டறை.

*

அம்மாவின் பட்டறையில் துளையிடும் அலகுகளையும் பற்சக்கரங்களையும் கடினமாக்குவார்கள். எண்ணூறு டிகிரியில் உருகித் தண்ணீர் மாதிரி நிற்கும் உப்புத் தொட்டி ஒன்று. அதற்குள் இரும்புக் கூடையை இறக்கி, கணக்காகக் காத்திருந்து, தூக்கி எடுக்க வேண்டும். தொட்டி அம்மாவின் பொறுப்பு. எந்தக் கூடையை இறக்கினாலும் முதலில் விளிம்பில் வைத்து நன்றாகக் காய்ச்சி, அதன் ஈரமெல்லாம் போன பிறகு, "போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் இறக்குவாள். பட்டறையில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. அம்மாவுக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

தொட்டியின் வெப்பத்தை அளக்கும் கம்பி ஓர் இரும்பு உறைக்குள் உட்கார்ந்திருக்கும். உப்பு அந்த உறையை மூன்று வாரத்தில் அரித்துவிடும். ஒன்றரை மாதத்துக்கு முன்பு, மாற்ற வேண்டிய நாள் தள்ளிப்போய், உறை ஓட்டையாகி, கம்பி தப்பான கணக்குச் சொன்னது. உப்பு அளவுக்கு மேல் கொதித்தது. அம்மா கூடையை இறக்கியபோது தெறித்தது. இடது முன்கையில் பட்டாணி அளவில் நாலு புண், ஒரு நாணயம் அளவில் ஒன்று. அந்த இரும்பு உறைக்குப் பதிலாகத்தான் இந்தப் பீங்கான் குழாய்.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்து வந்ததும் களிம்பு தடவுவது மகளின் வேலை. வெள்ளிக்கிழமையும் அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசையில் கையை நீட்டினாள்.

"திங்கட்கிழமை போர்மேன் போன்ல படம் பிடிக்கப் போறாராம்" என்றாள் அம்மா. "நான் சொல்லிட்டேன், என் மூஞ்சிய எடுக்க வேணாம், குழாய எடுங்கன்னு. குழாய் என் பொண்ணு பண்ணது. மூஞ்சி எங்கப்பா பண்ணது, அதுல எனக்குப் பெருமை இல்ல."

"நான் மட்டுமா பண்ணேன்? மூணு பேர் பண்ணோம்."

"இருக்கட்டுமே. பேக்கிங்ல இருக்கா பாரு ஒருத்தி, கண்ணாடிக்காரி. அவ மகன் கப்பல்ல வேலைக்குச் சேர்ந்ததுலருந்து என் காது ரெண்டும் போச்சு. இன்னிக்கு நான் ஆரம்பிச்சேன். ரொட்டியக் கையில வெச்சுக்கிட்டுச் சாப்பிடாமயே எந்திரிச்சுப் போயிட்டா."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. களிம்பை விரலில் எடுத்து நாணயம் அளவுப் புண்ணின் ஓரமாகத் தடவினாள். தோல் அங்கே இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது.

"எத்தனை நாள் தாங்கும் அந்தக் குழாய்?"

"டாக்டர் ஆறு மாசம்ங்கறார்."

"நீ என்ன சொல்ற?"

"நான் ஒன்னும் சொல்லலை."

"அதானே பார்த்தேன்" என்று அம்மா சிரித்தாள். "உன்னப் பெத்த அன்னிக்கு நர்ஸ் உன் எடைய ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாங்க. அப்பவே பிடிச்சுக்கிச்சு உனக்கு இந்த வியாதி."

அவள் அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் முகம் விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு ஆய்வகத்துக்குச் சீக்கிரம் போய், எது ஐந்தாவது என்று எப்படியாவது கண்டுபிடித்துவிட்டால், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. களிம்புப் புட்டியின் மூடியை ஒருமுறை திருகினாள். சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறையும் திருகிப் பார்த்தாள்.

*

கண்டுபிடிக்க வழி ஒன்று இருந்தது. நன்றாக இறுகிய பீங்கான் தண்ணீர் குடிக்காது. சரியாக இறுகாததற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் எடை போட வேண்டும், இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும், துடைத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். எடை கூடியிருந்தால் குட்டு உடைந்துவிடும். வழக்கமாக ஒரு தொகுப்பில் ஒரு குழாயை மட்டும்தான் இப்படிச் சோதிப்பார்கள். வேகவைத்ததை மறுபடி முழுதாக உலர்த்த மூன்று நாலு நாள் பிடிக்கும் என்பதால் எல்லாவற்றையும் நனைப்பதில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆய்வகத்தைத் திறந்தாள். ஐந்து குழாய்களின் வாயிலும் வெவ்வேறு நிற நூலைக் கட்டினாள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. நோட்டில் கட்டம் போட்டாள். எடை போட்டாள், மூன்று தடவை. நீளமான பாத்திரத்தில் ஐந்தையும் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி அடுப்பை ஏற்றினாள்.

ஒன்பதரைக்கு உலைக்காரர் வந்தார். கொதிக்கும் பாத்திரத்தைப் பார்த்தார், நூல்களைப் பார்த்தார், அவள் முழியைப் பார்த்தார்.

"என்ன தராசு, சமையலா? உப்புப் போட்டியா?"

"அண்ணே, ப்ளீஸ், சத்தம் போடாதீங்க."

"இங்க யார் இருக்கா? அஞ்சையும் எதுக்கு வேகவெச்சே? மூணாம் நம்பர் மட்டும்தானே?"

"எது மூணாம் நம்பர்னு தெரியாது அண்ணே. பென்சில்ல எழுதிட்டேன்."

உலைக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "பென்சில்லயா? ஆயிரத்து அறுநூறு டிகிரிக்கு? நீயா? மேசையத் துடைச்சா துணியோட எடையையும் எழுதுற நீயா?"

"போதும் அண்ணே."

"சரி சரி, அழாதே. எடு, பார்ப்போம்."

அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஆறவைத்துக் கொடுத்தார். அவள் ஈரத்துணியால் துடைத்துத் தராசில் வைத்தாள். சிவப்பு: கூடியது அரைக்கால் கிராம்கூட இல்லை. பச்சை: அதே மாதிரி. மஞ்சள்: ஆறு கிராமுக்கு மேல். மறுபடி வைத்தாள், ஆறு கிராமுக்கு மேல். மூன்றாம் தடவையும் அதுவே.

"இதுதான் அஞ்சு!" என்று அவளையும் மீறிக் குரல் எழும்பியது. ராத்திரியிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது மாதிரி இருந்தது.

"ஆப்ட்டுச்சுல்ல? முடிஞ்சுது வேலை. சிவப்பு நூலும் பச்சை நூலும் நல்லது. ரெண்டையும் காயவெச்சுப் பெட்டியில போடு, டீ குடிக்கப் போவோம். டாக்டருக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?"

அவளும் நோட்டை மூடப் போனாள். அந்தப் பக்கத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்குமான இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"மிச்ச ரெண்டையும் பார்த்துடறேன் அண்ணே."

"எதுக்கு? திருடன் கிடைச்ச பிறகு போலீசுக்கு என்ன வேலை?"

"கட்டம் காலியா இருக்கு."

"கட்டம் காலியா இருந்தா உனக்குச் சோறு இறங்காதா?"

"இறங்காது."

அவர் பெருமூச்சு விட்டு இடுக்கியை எடுத்தார். கறுப்பு நூல் கட்டியது: ஒன்றும் கூடவில்லை. வெள்ளை நூல் கட்டியதைத் தராசில் வைத்தாள். எண்கள் ஏறிக்கொண்டே போய் நின்றன. நாலு கிராம்.

அவள் எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். நாலு கிராம். இன்னும் அழுத்தித் துடைத்து மறுபடி வைத்தாள். அதே நாலு. தண்ணீர் பாத்திரத்தில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு மட்டமான குழாய்தான் செய்தார்கள். இரண்டு தண்ணீர் குடித்திருக்கிறது. அப்படியென்றால் நல்லவை என்று நம்பிய நாலில் ஒன்று நல்லதில்லை. அது எண் ஒன்றாக இருக்கலாம், எண் இரண்டாகவும் இருக்கலாம். எண்கள் அழியாமல் இருந்திருந்தால் ஒன்றும் இரண்டும் நேற்றே பெட்டிக்குப் போயிருக்கும். மூன்று மட்டும் கொதித்திருக்கும். திங்கட்கிழமை அம்மா "போயிட்டு வாங்க" என்று சொல்லித் தொட்டிக்குள் இறக்கியிருப்பாள். துளை வழியே உப்பு உள்ளே இறங்கி, குழாய் வெடித்து, கம்பி மறுபடி பொய்க் கணக்குச் சொல்லி... அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

உலைக்காரர் அவளுக்கு எதிரே, தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். 

"தராசு, கதவோரம் இருக்குற ஒரு சூட்டுக் கம்பி ஒரு வாரமா மங்கலா எரியுது. மத்ததெல்லாம் வெள்ளையா எரியும்போது அது மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்தது மாதிரி உம்முன்னு இருக்கு. மாத்தணும்னா உலையை மூணு நாள் நிறுத்தணும். உங்கம்மா பட்டறைக்குக் குழாய் போறது தள்ளிப்போயிடும்னுதான்... கதவோரத்துல வெச்ச குழாய்க்குச் சூடு பத்தாமப் போயிருக்கும்."

"ஏன் அண்ணே சொல்லலை?"

"நீ ஏன் நேத்துச் சொல்லலை?"

அவள் நோட்டைக் கையில் எடுத்தாள். அவர் எழுந்து, "வா, ரெண்டு பேரும் சேர்ந்தே போய் வாங்கிக் கட்டிக்குவோம்" என்றார்.

*

டாக்டர் பத்தரைக்கு வந்தபோது சந்துக்காரர் ஒருவர் தலைவலி என்று கூடவே வந்தார். மாத்திரை கொடுத்து அவரை அனுப்பிவைத்த பிறகு இருவரும் சொன்னார்கள். அவள் பென்சிலைச் சொன்னாள், துணி போட்டு மூடியதையும் சொன்னாள். உலைக்காரர் கம்பியைச் சொன்னார். டாக்டர் நோட்டை வாங்கிக் கட்டங்களைப் பார்த்தார். பிறகு மஞ்சள் நூலும் வெள்ளை நூலும் கட்டிய குழாய்களை எடுத்துவரச் சொன்னார்.

சுத்தியலை அவளிடம் நீட்டினார். "உடை."

"நானா சார்?"

"நீதானே பண்ணே?"

ஒரு குழாய் செய்து முடிக்க ஒன்பது நாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். முதல் தட்டில் உடையவில்லை, வலிக்கக்கூடாது என்பது போல அவ்வளவு மெதுவாகத் தட்டியிருந்தாள். இரண்டாவதில் உடைந்தது, அடுத்த குழாயையும் உடைத்தாள். டாக்டர் உடைந்த பரப்பில் பேனா மையை ஒரு சொட்டு விட்டார். நல்ல பீங்கானில் மை முத்து மாதிரி நிற்கும். இதில் தாளில் ஊறுவதுபோல ஊறி, பூ விரிகிற மாதிரி பரவியது. இரண்டு குழாயின் துண்டிலும் அப்படியே.

"எது அஞ்சு, எது மத்தது?" என்று கேட்டார்.

"ஆறு கிராம் குடிச்சதுதான் அஞ்சா இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது சார். இனிமே எப்பவுமே தெரியாது."

அவர் மையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தொகுப்புல ஒன்னைத்தான் வேகவைக்கணும்னு இங்க ஒரு வழக்கம் இருக்கே, அது யாரோட வழக்கம்?"

அவள் உலைக்காரரைப் பார்த்தாள். உலைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"உங்களோடது சார்."

"ம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் வகுப்புல நாட்குறிப்பு எழுதணும்னு சொல்வியே, அதுல வெளியாளுங்க எழுதலாமா?"

அவளுக்கு அது கோபமா வேடிக்கையா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் இரண்டும் இருந்தன.

"துணி போட்டு மூடினே பாரு, அது இனிமே வேணாம்" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "பென்சில்ல எழுதினதுக்கு நான் ஒன்னும் சொல்லலை. மூணு நல்லது மிச்சம் இருக்கு. நூத்திப்பத்து டிகிரியில காயட்டும். எடை குறையறது நிக்கட்டும். வியாழக்கிழமைக்கு முன்னாடி எதுவும் இங்கேருந்து போகாது. நான் அந்தப் போர்மேனுக்குப் பேசறேன்."

"சார், அம்மாகிட்ட முதல்ல நான் சொல்லிடறேன். அப்புறம் நீங்க பேசுங்க."

*

அன்று வகுப்பு இல்லை. மாலை வெயில் இன்னும் ஜன்னல் கம்பியில் இருக்கும்போதே அவள் களிம்புப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா கையை நீட்டினாள். மகள் மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, கையப் பிடிச்சு ஜோசியம் பார்க்கறியா?"

"திங்கட்கிழமை குழாய் வராதும்மா."

அம்மாவின் கை மேசை மேல் அப்படியே இருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று அணைந்தது. "ஏன்?"

அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். காய்ந்த மை, பென்சில், துணி, நூல்கள், காலிக் கட்டங்கள், நாலு கிராம். நேற்று ராத்திரி இதே மேசையில் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தண்ணி குடிச்சதா அது?"

"ஆமாம்மா."

"தண்ணி குடிக்கிற குழாய், என் தொட்டிக்குள்ள."

"ஆமா."

அம்மா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். அவளுடைய முதுகை மட்டும்தான் பார்க்க முடிந்தது. ஈரமான ஒரு திருகாணி விழுந்தாலே அந்தத் தொட்டி எப்படி வெடித்துத் தெறிக்கும் என்று அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மகள் களிம்பு மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"புதன்கிழமையோட இரும்பு உறைக்கு மூணு வாரம் முடியுது" என்றாள் அம்மா திரும்பாமலே. "உங்க குழாய் வருதேன்னு போர்மேன் புதுசுக்குச் சொல்லவே இல்ல."

"எனக்கும் அதான் பயம். வியாழக்கிழமை வரைக்கும்..."

"நீ பயப்படாதே. நாளைக்கே போன் பண்றேன். புது உறை வந்து மாட்டுற வரைக்கும் தொட்டிய நான் சூடேத்த மாட்டேன். வேணும்னா அவரே இறங்கி நின்னு கிளறட்டும், படமும் அவரே பிடிச்சுக்கட்டும்."

"கண்ணாடிக்காரி என்ன சொல்லுவா?"

அம்மா திரும்பினாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது, ஆனால் உதடு ஒரு பக்கமாக ஏறியிருந்தது. பேச்சில் யாரையாவது கவிழ்க்கப் போகும்போது அந்த உதடு அப்படித்தான் ஏறும்.

"அவளுக்கு என்ன? திங்கட்கிழமை நானே முதல் ஆளாப் போய்ச் சொல்றேன். என் பொண்ணு அஞ்சு குழாய் பண்ணா, அஞ்சையும் வேகவெச்சுப் பார்த்தா, ரெண்டைத் தன் கையாலயே உடைச்சுப் போட்டா, எங்கம்மா தொட்டிக்கு இது ஆகாதுன்னுட்டா அப்படின்னு. கப்பல்ல இருக்குறவன் இதுவரைக்கும் எதையாவது உடைச்சிருக்கானா, கேளு அவளை."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அம்மாவின் சட்டையில் துவைத்தும் போகாத காய்ந்த உப்பு வாசனை.

"அந்த ரெண்டு கட்டத்தை ஏன்டி காலியா விடலை?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியலைம்மா. காலியா இருந்துச்சு, அதான்."

"ம். கையப் பிடி. களிம்பு போடு. காய்ஞ்சு போய் இழுக்குது."

அவள் தடவினாள். நாலு பட்டாணிகளும் தழும்பாகி மங்கிவிட்டன. நாணயம் அளவுப் புண்ணின் ஓரங்கள் நேற்றைவிடக் கொஞ்சம் உள்ளே வந்த மாதிரி தெரிந்தது. மாதிரிதானா, நிஜமாகவேயா என்று குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"அளவுகோல் எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் அம்மா.

"வேணாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அந்த மூணு நல்ல குழாயும் எங்க இருக்கு?"

"உலர்த்துற அடுப்புல. காலைல போய் எடை பார்க்கணும்."

"நானும் வர்றேன். இத்தனை நாள் உங்க ஆய்வகத்தப் பத்தி ஊரெல்லாம் அளந்து விட்டாச்சு, ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. என் தொட்டிக்கு வரப்போறவங்களை நானும் ஒரு பார்வை பார்த்துடறேன்."

அம்மா சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள். அவள் மேசையிலேயே உட்கார்ந்து, களிம்பு ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு, நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 15, சனி. இன்றைய தவறு: நேற்றைய தவறை ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன். டாக்டரிடமும் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. மஞ்சள் நூல் குழாயும் வெள்ளை நூல் குழாயும் உடைக்கப்பட்டன, இரண்டிலும் மை ஊறியது. அவற்றில் ஒன்று எண் ஐந்து, மற்றது எந்த எண் என்று தெரியாது. உலையின் கதவோரச் சூட்டுக் கம்பி மங்கல். இனி தொகுப்பிலுள்ள எல்லாக் குழாய்களையும் வேகவைத்துச் சோதிப்பது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றும் பகல் பன்னிரண்டு மணி முதல் உலர்த்தும் அடுப்பில், நூற்றுப்பத்து டிகிரி. நூல்களைக் கழற்றி அதே நிறத்தில் அட்டை வைத்திருக்கிறேன். நூல் கருகிவிடுமோ என்று சந்தேகம். சந்தேகம் தவறில் சேராது.

நாளை: காலை எட்டு மணிக்கு அம்மாவோடு ஆய்வகம் போக வேண்டும். மூன்று குழாய்களையும் ஆறவைத்து எடை போட வேண்டும், மூன்று தடவை. மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும். கோபால்ட் நீல மை ஒரு புட்டி கலந்து, மூடியை இறுக்கி வைக்க வேண்டும்.